மூன்றாம் பம்பின் தட்டல்கள்

ஜூன் 5, திங்கள்

காலை 148/92.

ரத்த அழுத்தத்தைத் தினமும் குறித்து வைக்கச் சொன்னார் மருத்துவர். ஓர் எண்ணுக்கு ஒரு பக்கம் என்றால் நோட்டுக்குக் கேடு. கூடவே நாலு வரி எழுதி வைக்கிறேன். அளந்து எழுதுவதுதானே என் பிழைப்பு.

பிழைப்பு இதுதான். தரமணியில் நான்காம் மாடியில் ஏசி போட்ட ஓர் அறை. அங்கிருந்து இரண்டு நாள் ரயில் தூரத்தில், வடக்கே ஓர் அணுமின் நிலையம். உலையின் சூட்டைச் சுமந்து போகும் நீரைச் சுற்றி ஓட்டும் நான்கு பெரிய பம்புகள் அங்கே இருக்கின்றன. அவற்றின் மேல் சென்சார் பொருத்தியிருக்கிறது. எந்த பம்ப் எவ்வளவு அதிர்கிறது என்பது இங்கே என் திரையில் கோடாக ஓடும். நான்கில் ஒன்று நின்றாலும் உலையை நிறுத்த வேண்டும். மாதக் கடைசியில் ‘நான்கும் நலம்’ என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த மாதம் அவை ஓடலாம். மங்கையர்க்கரசி என்று முழுப் பெயரையும் எழுதுவேன். கிறுக்கிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது.

சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே. ஞாயிறு தவிரத் தினமும் காலை ஏழு நாற்பதுக்கு அங்கே ஒருவர் பம்ப் அறைக்குள் போய், ஒவ்வொரு சென்சார் பக்கத்திலும் சின்னச் சுத்தியலால் மூன்று முறை தட்டுவார். கதிர்வீச்சு உள்ள அறை. பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அவர் தட்டியதும் என் திரையில் மூன்று முள் எழும். நேற்றைய முள்ளோடு ஒத்துப் பார்த்துக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்பது விதி.

பதினோரு வருடமாகத் தட்டுபவர் இருதயசாமி. தூத்துக்குடிக்காரர். பம்ப் அறைச் சுவரில் இருக்கும் போனில் கூப்பிடுவார்.

“வந்துட்டா மேடம்?”

“வந்துடுச்சு. மூணும் வந்துடுச்சு.”

“சாப்பிட்டாச்சா? என்னமாவது வயித்துக்குப் போட்டுட்டு வேலையப் பாருங்க மேடம். நாள் பூரா இந்தி கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போவுது. இந்த அஞ்சு நிமிசந்தான் நான் தமிழ் பேசுறது, பாத்துக்கோங்க.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே டிக் போட்டுவிடுவேன். பதினோரு வருடக் கை. அது எனக்குத் தெரியாதா?

ஜூன் 9, வெள்ளி

144/90. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. இரண்டு குடத்தில் ஒரு நாளை ஓட்டினேன்.

ஜூன் 14, புதன்

150/94. மூன்றாம் பம்பின் அதிர்வு ஏறுகிறது. எப்போதும் 2.1. பத்து நாளில் 3.4 ஆகிவிட்டது. நாலரையில் எச்சரிக்கை. ஏழைத் தொட்டால் பம்பை நிறுத்தியே ஆக வேண்டும். இருதயசாமியிடம் சொன்னேன்.

“அடிப்போல்ட்டு லேசா இளகியிருக்கும் மேடம். முறுக்கிட்டாச் சரியாயிரும். நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஒண்ணும் மனசப் போட்டு ஒழப்பிக்கிடாதீங்க.”

என் மனசைப் பற்றி இப்படிக் கவலைப்பட இந்த ஊரில் ஒருவர் இல்லை என்பது வேறு விஷயம்.

ஜூன் 19, திங்கள்

அதிர்வு 2.1! நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. சனிக்கிழமைகூட 4.2 இருந்தது. (சனிக்கிழமை எனக்கு விடுமுறை. இருந்தாலும் ஏழு நாற்பதுக்கு மட்டும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?)

“நேத்து முறுக்கிட்டோம் மேடம். நீங்க சொன்னதாலதான் பாத்தோம். இல்லன்னா விட்டுருப்போம்.”

எங்கள் பிரிவுத் தலைவர் பத்ரிநாத் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பக்கத்து மேஜை மெஹருன்னிசா எனக்கு ஒரு மைசூர்பாகு வாங்கித் தந்தாள். மதியம் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

ஜூன் 20, செவ்வாய்

132/84. மாத்திரை வேலை செய்கிறது.

இப்போது அவர் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது! முன்பெல்லாம் பின்னால் பம்பு இரைச்சலில் பாதி வார்த்தை போய்விடும். கேட்டேன். புது போன் வைத்திருக்கிறார்களாம். பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கிறது.

ஜூன் 30, வெள்ளி

‘நான்கும் நலம்.’ கையெழுத்துப் போட்டேன். கேஸ் சிலிண்டர் வந்தது. தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூலை 6, வியாழன்

இருதயசாமிக்குக் கையில் அடி. படிக்கட்டில் வழுக்கி வலது மணிக்கட்டு பிசகிவிட்டதாம். கட்டுப் போட்டிருக்கிறார்.

“அப்புறம் எப்படித் தட்டினீங்க?” என்றேன்.

“எடக்கையாலதான் மேடம். வந்துட்டா?”

வந்திருந்தது. மூன்றும் கணீரென்று, வலது கை தட்டிய அதே உயரம். மனிதர் கைதான்! மெஹருன்னிசாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டில் புஷ்பம் இருந்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவாள் என்றார். புஷ்பம் அவர் மனைவி. பிள்ளைகளோடு தூத்துக்குடியில் இருக்கிறாள்.

ஜூலை 12, புதன்

நிலையம் நிற்காமல் ஓடத் தொடங்கி ஆகஸ்ட் 10 வந்தால் ஐந்நூறு நாள். பெரிய விழா. தில்லியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்கள் மையத்திலிருந்து ஒருவர் போகலாம் என்றதும் பத்ரிநாத் என் பெயரைச் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

இருதயசாமியை நேரில் பார்த்தது ஒரே முறை. ஏழு வருடத்துக்கு முன், பயிற்சிக்கு இங்கே வந்தபோது. இரண்டரை நாள்.

மாம்பழ நிறப் பட்டுக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். பட்டுப் புடவை பெட்டியில் கிடந்தால் மடிப்பில் அறுந்து போகும், உடுத்தத்தான் வேண்டும்.

“அண்ணனுக்கு என்ன வாங்கிட்டுப் போறே?” என்று மெஹருன்னிசா கேட்டாள். இங்கே எல்லோருமே அவரை அண்ணன் என்றுதான் சொல்கிறார்கள். நான் சார் என்பேன். அலுவலகத்தில் உறவுமுறை வைத்துக் கூப்பிடுவது எனக்குச் சரிப்படாது.

ஜூலை 18, செவ்வாய்

மூன்றாம் பம்பின் எண்ணெய் சூடு ஆறு டிகிரி ஏறியிருக்கிறது. அது என் கணக்கில் வராது, வேறு பிரிவு பார்ப்பது. கண்ணில் பட்டதால் கேட்டேன்.

“இங்க வெயிலப் பாத்தீங்கன்னா இப்படிக் கேக்க மாட்டீங்க மேடம். ரோட்டுல தார் உருகிக் கெடக்கு. பம்பு மட்டும் குளுந்தா இருக்கும்?”

வெயில் என்றால் மற்ற மூன்றும் ஏறியிருக்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. அதற்குள் கை வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

ஜூலை 22, சனி

தையல்காரர் ரவிக்கையில் கையை ஓர் அங்குலம் குறைத்துவிட்டார். அவரும் அளந்துதான் வெட்டினாராம்.

ஜூலை 27, வியாழன்

இன்று அளக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவருக்கு ஒரு பரிசு செய்ய நினைத்தேன். வருடத்துக்கு ஒரு தட்டலாகப் பதினோரு வருடத் தட்டல்களை ஒரே படத்தில் அடுக்கி, சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்று. உலகத்தில் யாருக்கும் கிடைக்காத பரிசு. வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வருடமாக எடுத்தேன். கோபத்தில் இருந்த நாள், காய்ச்சலோடு வந்த நாள் எல்லாம் முள்ளிலேயே தெரிந்தது. முதல் தட்டல் எப்போதும் மெதுவாக இருக்கும், மூன்றாவதில் அழுத்துவார். ரசித்துத்தான் பார்த்தேன்.

இந்த வருடத்துக்கு வலது கையும் இடது கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று, மூன்றாம் பம்பில் ஜூலை 5-ஐயும் 6-ஐயும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தேன். ஒரே கோடுதான் தெரிந்தது. தப்பாக ஒரே நாளை இரண்டு முறை எடுத்துவிட்டேன் என்று மறுபடி எடுத்தேன். அப்போதும் ஒரே கோடு. எண்ணைப் பார்த்தேன். நான்காவது தசமம் வரை ஒன்று.

ஒரு மனிதன் இரண்டு முறை ஒரே மாதிரி தட்ட முடியாது. வலது கையாலேயே முடியாது.

ஜூன் 19 வரை பின்னால் போனேன். முப்பத்து நான்கு நாள், நூற்று இரண்டு தட்டல். அத்தனையும் அந்த மூன்றேதான். மற்ற மூன்று பம்புகளிலும் தட்டல் நாளுக்கு நாள் வேறாக, ஒழுங்காக இருக்கிறது. மூன்றாம் பம்பின் கோட்டில் மட்டும் யாரோ பழைய பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். அந்த 2.1 உண்மையில்லை. சென்சார் இப்போது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது.

‘ஒத்துப் பார்த்தேன்’ என்ற கட்டத்தில் முப்பத்து நான்கு டிக் இருக்கிறது. அத்தனையும் நான் போட்டது.

ஜூலை 28, வெள்ளி

172/104.

அவருக்குத் தெரியாமல் மேலே உள்ளவர்கள் செய்திருக்கலாம். பாவம், அவர் உள்ளே போய் உண்மையாகத்தான் தட்டிக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் தோன்றியது. ஏழு நாற்பதுக்குப் போன் வந்தது.

“சார், மூணாம் பம்புல இன்னைக்கு நாலு தட்டுங்க.”

“நாலா? எதுக்கு மேடம்?”

“சும்மாதான். ஒரு சோதனை.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பம்ப் இரைச்சலே இல்லை. எங்கோ மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பம்ப் அறையில் மின்விசிறி கிடையாது.

“ரெண்டு நிமிசம் பொறுங்க மேடம்.”

மூன்று நிமிடம் கழித்து நாலு வந்தது. நாலாவது, இரண்டாவதின் நகல். வெட்டி ஒட்டியிருந்தார்.

“வந்துட்டா மேடம்?”

“வந்துடுச்சு,” என்றேன்.

“சாப்பிட்டாச்சா?” என்றார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாரோ சொன்னார்கள், பயந்துபோய்ச் செய்தார் என்றால்கூட மனசு ஆறும். உட்கார்ந்து, கவனமாக, எனக்காகவே ஒரு நாலாவது தட்டலைச் செய்து அனுப்பிவிட்டு, அதே குரலில் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். பாவி. படுபாவி.

ஜூலை 30, ஞாயிறு

வெளியே போகவில்லை. பத்ரிநாத்திடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவரிடம் கேட்டுவிட வேண்டும். அது நியாயம்தானே.

ஜூலை 31, திங்கள்

இன்று ஆகஸ்ட் மாதத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய நாள். ஏழு நாற்பது வரை காத்திருக்கவில்லை. ஏழு மணிக்கு நானே அவர் கைப்பேசிக்குக் கூப்பிட்டேன்.

“நெஜ அதிர்வு எவ்வளவு சார்?”

“மேடம்…”

“எவ்வளவு?”

“ஆறு புள்ளி ஒண்ணு. நேத்துக் காலைல.”

ஏழுக்கு இன்னும் புள்ளி ஒன்பதுதான். உட்கார்ந்துகொண்டேன்.

“போல்ட்ட முறுக்கவே இல்லியா?”

“பம்ப நிப்பாட்டாம எப்படி மேடம் முறுக்க? நிப்பாட்டுனா ஐந்நூறு நாளும் போச்சுல்லா. மேல உள்ளவங்க சொன்னாங்க. விழா முடிஞ்ச மறுநாளே நிப்பாட்டிருவோம். பத்தே நாள். நான் தெனமும் உள்ள போயி நானே தொட்டுப் பாக்கேன் மேடம், என் உசிரு மேல எனக்கு ஆசை இருக்காதா?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க விட மாட்டீங்கள்லா.”

“விட மாட்டேன்னு தெரிஞ்சுதான் பொய் சொன்னீங்க.”

“பத்து நாள் மேடம். எனக்காவ.”

எனக்காக என்று அவர் கேட்டது பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று எந்த நம்பிக்கையில் கேட்டார்? போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழிப்பறையில் நின்று அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து எழுதினேன்: ‘மூன்றாம் பம்பின் நலத்துக்கு என்னால் சான்று தர இயலாது. ஜூன் 19 முதல் வரும் தரவு போலி.’

பத்ரிநாத் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“ரெண்டு நாள் பொறுங்க அரசி. நான் பேசிப் பார்க்கறேன். இது உங்களுக்கும் நல்லதில்லை. டிக் போட்டது நீங்க.”

“தெரியும் சார்.”

அவர் மேஜையிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாதுகாப்புக் குழுவுக்கு நானே நேரடியாக அனுப்பினேன். மாலை நாலு பத்துக்கு உலையை நிறுத்தினார்கள்; திரையில் மற்ற மூன்று பம்புகளின் கோடுகளும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மூன்றாவது கோடு மட்டும் அப்போதும் 2.1-லேயே ஓடிக்கொண்டிருந்தது. பொய் ஓட்டும் கருவியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

164/100. பிரித்துப் பார்த்துவிட்டார்கள். எட்டு அடிப்போல்ட்டில் இரண்டு ஒடிந்திருந்தது, மூன்றாவதில் பாதிக்கு மேல் விரிசல். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விழா வரை தாங்கியிருக்குமா என்று பத்ரிநாத் கேட்டதற்கு, தாங்கியிருக்கும் என்று எழுதித் தர ஆள் இல்லையாம்.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அந்த மூன்று நாளும் அந்த அறைக்குள் ஆட்கள் போய்வந்திருக்கிறார்கள். அவரும்தான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

ஏழு நாற்பதுக்குக் கை தானாகப் போனிடம் போகிறது. எனக்கும் குறிப்பாணை வந்துவிட்டது. முப்பத்து நான்கு நாள் ஒத்துப் பார்க்காமல் டிக் போட்டது ஏன் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ‘பணிச்சுமை’ என்று எழுதச் சொன்னாள் மெஹருன்னிசா. எனக்குப் பணிச்சுமை இல்லை என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“அண்ணன் நல்லவர்னு நீ நம்பினே, அவ்ளோதான். அது தப்பா?” என்றாள். அவள் கொண்டுவந்த பிரியாணியில் பாதியைத் தின்றேன். விளக்கத்தை இன்னும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

விசாரணை. கிண்டியில் ஓர் அலுவலகம். விசாரணை அதிகாரி என் வயதுப் பெண். மரியாதையாகத்தான் பேசினார். இருதயசாமியின் வாக்குமூலத்தை என் முன்னால் வைத்து, படித்துப் பார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார். பத்தொன்பது பக்கம். தமிழில் கொடுத்திருந்தார். கேள்வியும் பதிலுமாகத் தட்டச்சு செய்திருந்தார்கள்.

யார் சொன்னது, எந்தக் கருவி, எந்த நாள் பதிவு எல்லாம் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். தன் மேசையில் உட்கார்ந்துகொண்டே எனக்குப் போன் செய்ததையும், கையில் அடியே படவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டை எதற்குப் போட்டாராம்? போடவே இல்லையாம். தட்டல் ஒரே மாதிரி இருப்பதை நான் கவனிக்கிறேனா என்று ஆழம் பார்க்கச் சொன்ன பொய்யாம். அதையெல்லாம் படித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன்.

பதினான்காம் பக்கம்.

‘கேள்வி: மையத்தில் தினமும் தட்டல்களை ஒத்துப் பார்ப்பார்கள் என்பது உமக்குத் தெரியும். சிக்க மாட்டோம் என்று எப்படி நம்பினீர்?

பதில்: அரசி மேடம் ஒத்துப் பார்க்க மாட்டார். காலையில் நான் ரெண்டு வார்த்தை பேசினால் அவருக்குப் போதும். சனிக்கிழமை லீவிலும் அதற்காகவே வருவார். அவருக்கு என் மேல் ஒரு இது. இங்கே எல்லோருக்கும் தெரியும், சென்னையிலும் தெரியும். அதனால்தான் இந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.’

‘ஒரு இது’ என்பதை அப்படியே அடித்திருந்தார்கள். இரண்டு முறை படித்தேன். எனக்குள்ளேகூட நான் அதற்குப் பெயர் வைத்ததில்லை. அவர்களோ அதை எடுத்து எடை போட்டு, இது தாங்கும் என்று முடிவு செய்து, அதன் மேல் பம்பை ஓட்டியிருக்கிறார்கள்.

அதிகாரி ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“பதினாலாம் பக்கத்துல உங்களைப் பத்திச் சொன்னதுக்கு நீங்க மறுப்பு எழுதலாம், மேடம். அது உங்க உரிமை. எழுதினா அந்தப் பகுதியை எடுத்துடச் சொல்லிப் பரிந்துரை பண்றேன். ஆனா ஒத்துப் பார்க்காததுக்கு வேற காரணம் நீங்க சொல்லியாகணும்.”

வேறு காரணம் இருக்கிறதா என்று உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். வேலை அதிகம் இல்லை. கண் நன்றாகத் தெரியும். விதி தெரியும். முப்பத்து நான்கு நாள் அல்ல, பதினோரு வருடமாகவே நான் முள்ளைப் பார்த்ததைவிடக் குரலைக் கேட்டதுதான் அதிகம். இன்னும் ஒரு பொய்யை என் கையால் எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பேனா எழுதவில்லை. அதிகாரி தன் பேனாவைக் கொடுத்தார்.

‘பக்கம் 14-இல் என்னைப் பற்றிக் கூறியது உண்மை. மறுப்பு இல்லை.’

கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.